பைரேட் ரேடியோ: நடுக்கடலில் நின்ற கப்பல் கரைக்கு எப்படிப் பாட்டு போட்டது?

ரிச்சர்ட் கர்டிஸ் எழுதி இயக்கி 2009ல் வந்த 'தி போட் தட் ராக்ட்' எனக்கு ரொம்பப் பிடித்த நகைச்சுவைப் படம். கதை நடப்பது 1966ல். வட கடலில் ஒரு பழைய கப்பல், அதற்குள் ஒரு ரேடியோ நிலையம், இரவு பகலாக ராக் பாட்டு. பள்ளியில் இருந்து விரட்டப்பட்ட கார்ல் என்ற பையனை அவன் அம்மா திருந்தி வரட்டும் என்று அந்தக் கப்பலுக்கே அனுப்பிவைக்கிறாள். கப்பலை நடத்துபவராக பில் நை, அமெரிக்க டிஜேவாக பிலிப் சீமோர் ஹாஃப்மன், நிலையத்தை மூடியே தீருவேன் என்று நிற்கும் அமைச்சராக கென்னத் பிரானா. அமெரிக்காவில் இதே படம் கொஞ்சம் வெட்டப்பட்டு 'பைரேட் ரேடியோ' என்ற பெயரில் வெளியானது.

படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களிடம் மூன்று கருத்துகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவர்கள் பாட்டைத் திருடி ஒலிபரப்பினார்கள், அதனால்தான் பைரேட் என்று பெயர். பிபிசி ராக் இசையைத் தடை செய்திருந்தது. முதல் நாளில் இருந்தே அவர்கள் செய்தது சட்டவிரோதம். இந்த மூன்றையும் நம்பிக்கொண்டு பார்த்தாலும் படத்தை ரசிக்கலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மையில் நடந்தது இதைவிட சுவாரஸ்யமானது, அது தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரேடியோ பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரியும்படி அடிப்படையில் இருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பைரேட் என்றால் இங்கே என்ன அர்த்தம்?

நமக்கு பைரசி என்றதும் திருட்டு விசிடிதான் ஞாபகம் வரும். இங்கே அந்த அர்த்தம் இல்லை. பெர்மிட் இல்லாமல் ஓடும் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் சொந்தப் பணத்தில் வாங்கியது, டீசல் காசு கொடுத்துப் போட்டது, பயணிகளும் விரும்பித்தான் ஏறுகிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று, அந்த வழித்தடத்தில் ஓட்டுவதற்கான அனுமதி.

ரேடியோவில் வழித்தடம் என்பது அலைவரிசை. ஒரு நிலையம் நொடிக்கு எத்தனை முறை அதிரும் அலையில் ஒலிபரப்புகிறது என்ற எண் அது. ஒரே தெருவில் இரண்டு கோயில் திருவிழா ஒலிபெருக்கிகள் எதிரெதிரே பாடினால் எப்படி இருக்கும்? இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் வந்தாலும் அதே கதிதான், ஒன்றும் விளங்காது. அதனால்தான் எந்த அலைவரிசை யாருக்கு என்று அரசாங்கங்கள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஐரோப்பாவுக்கு அப்படி ஒரு பங்கீட்டை 1948ல் கோபன்ஹேகனில் கூடிப் போட்டார்கள். அந்தப் பங்கில் இடம் இல்லாமல், லைசென்ஸும் இல்லாமல் ஒலிபரப்பும் நிலையம்தான் பைரேட் ரேடியோ. கப்பலில் இருந்ததால் கடற்கொள்ளையர் என்ற பெயர் இன்னும் கச்சிதமாகப் பொருந்திப்போனது.

பிபிசி பாட்டே போடவில்லையா?

போட்டது. ஆனால் கொஞ்சமாகத்தான் போட முடிந்தது, காரணமும் பலர் நினைப்பது இல்லை.

ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரக் கச்சேரிக்குப் பதிலாக ஸ்பீக்கர் செட்டில் பாட்டு போட்டுவிட்டால் என்ன ஆகும்? வாசிக்கிறவர்களுக்குப் பிழைப்பு போகும். பிரிட்டனின் இசைக்கலைஞர்கள் சங்கத்துக்கு இருந்த பயம் இதுதான். ரேடியோவில் நாள் முழுக்க இசைத்தட்டு சுழன்றால் வாத்தியம் வாசிக்கிறவனை யார் கூப்பிடுவார்கள்? ரெக்கார்டு கம்பெனிகளுக்கு வேறொரு பயம். ரேடியோவிலேயே இலவசமாகக் கேட்டுவிட்டால் கடைக்குப் போய் யார் வாங்குவார்கள் என்று அவர்கள் யோசித்தார்கள். இந்த இரண்டு பயங்களும் சேர்ந்து, பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு போடக்கூடாது என்ற உடன்படிக்கையில் போய் நின்றன. இதற்குப் பெயர் நீடில் டைம், அதாவது தட்டின் மேல் ஊசி ஓட அனுமதிக்கப்பட்ட நேரம்.

அன்று பிரிட்டனில் ரேடியோ நடத்தும் உரிமை பிபிசிக்கு மட்டும்தான். அதன் எல்லாச் சேவைகளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சில மணி நேரம் நீடில் டைம். அதற்குள் சாஸ்திரிய இசைக்கும் பங்கு போக வேண்டும். மீதி நேரத்தை பிபிசி எப்படி நிரப்பியது? வாத்தியக் குழுக்களை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து ஹிட் பாட்டுகளை வாசிக்க வைத்தது. பீட்டில்ஸ்கூட 1962 முதல் 1965 வரை பிபிசிக்காக நேரில் போய் ஏராளமான பாட்டுகளை வாசித்திருக்கிறார்கள், அவற்றில் ஒரு பகுதி 1994ல் ஆல்பமாகவே வந்தது. எனக்கு அந்தப் பதிவுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் கடையில் தட்டு வாங்கக் காசில்லாத பதினைந்து வயதுப் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது அந்தத் தட்டில் இருக்கும் அதே பாட்டு, அதே சத்தம். கேட்டதோ பெரும்பாலும் வேறு யாரோ ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த நகல்.

அவனுக்கு இருந்த ஒரே போக்கிடம் ரேடியோ லக்ஸம்பர்க். குட்டி நாடான லக்ஸம்பர்க்கில் இருந்து மாலைக்கு மேல் ஆங்கிலத்தில் வரும் வணிக நிலையம் அது. நமக்கு இதைப் புரிந்துகொள்ள இலங்கை வானொலி போதும். 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனபோது இந்தியாவே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது, அதைச் சமாளிக்கத்தான் 1957ல் விவித் பாரதி வந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இலங்கை வானொலியோ லக்ஸம்பர்க்கோ பைரேட் கிடையாது. இரண்டும் தங்கள் நாட்டில் முறைப்படி நடந்தவை. எல்லைக்கு வெளியே இருந்து வருவதாலேயே ஒரு நிலையம் பைரேட் ஆகிவிடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பைரேட் என்றால் லைசென்ஸ் இல்லாத நிலையம். பிபிசியில் ராக் குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் நீடில் டைம். கேட்க ஆள் இருந்தும் போட ஆள் இல்லாத அந்த இடைவெளியில்தான் கப்பல் வருகிறது.

கரோலைன் என்ற கப்பல்

கடலில் இருந்து ஒலிபரப்பும் யோசனை பிரிட்டனில் பிறந்தது இல்லை. 1958லேயே டென்மார்க் கரைக்கு எதிரே ரேடியோ மெர்க்கூர் ஆரம்பித்துவிட்டது. அதன்பின் நெதர்லாந்துக்கு எதிரே ரேடியோ வெரோனிகா, ஸ்வீடனுக்கு எதிரே ரேடியோ நோர்ட்.

ரோனன் ஓ'ராஹிலி என்ற இளைஞர் அயர்லாந்துக்காரர், லண்டனில் இசைக்குழுக்களோடு சுற்றிக்கொண்டிருந்தவர். ஜார்ஜி ஃபேம் என்ற பாடகரின் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பிபிசியில் இடமில்லை, லக்ஸம்பர்க்கில் போய்க் கேட்டால் அங்கே நிகழ்ச்சி நேரத்தைப் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் மொத்தமாக வாங்கி வைத்திருந்தன. கதவெல்லாம் மூடியிருந்தால் சொந்தமாக ஒரு கதவு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அவர் அப்பாவுக்கு அயர்லாந்தில் கிரீனோர் என்ற சின்னத் துறைமுகம் சொந்தமாக இருந்தது. ஃபிரெடரிசியா என்ற பழைய டேனிஷ் பயணிகள் கப்பலை அங்கே கொண்டுவந்து ஒலிபரப்புக் கம்பமும் ஸ்டுடியோவும் பொருத்தினார்கள். 1964 மார்ச் 28, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு எதிரே ரேடியோ கரோலைன் பேச ஆரம்பித்தது. கென்னடியின் மகள் பெயர்தான் கரோலைன்.

அதே ஆண்டு டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது, அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பல் (கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்) ஒன்றில். டெக்சாஸ் பணம், அமெரிக்க பாணி ஜிங்கிள்கள், வரிசைப்படி ஹிட் பாட்டுகள். ஜான் பீல், கென்னி எவரெட், டோனி பிளாக்பர்ன் என்று பிற்காலத்தில் பிரிட்டன் முழுக்கத் தெரிந்த குரல்கள் இந்தக் கப்பல்களில் பழகியவைதான். படத்தில் வரும் ரேடியோ ராக் கற்பனை நிலையம், ஆனால் கரோலைனும் லண்டனும் கலந்த வாசனை அதில் நன்றாகவே அடிக்கிறது.

சட்டம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது?

ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், எந்த ஊருக்கும் சேராத புறம்போக்கில் ஒருவர் கடை போடுகிறார். ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கே போய் வாங்குகிறார்கள். பஞ்சாயத்து என்ன செய்ய முடியும்? கடை நிற்கும் இடம் அதன் அதிகாரத்தில் இல்லையே.

கடலிலும் அப்படி ஒரு கோடு உண்டு. கரையில் இருந்து குறிப்பிட்ட தூரம் வரைதான் நாட்டின் சட்டம் செல்லும், அதற்குப் பெயர் எல்லைக் கடல். அன்று பிரிட்டனுக்கு அது 3 கடல் மைல், சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அதைத் தாண்டினால் திறந்த கடல், அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. சரி, அங்கே நிற்கும் கப்பலுக்கு எந்தச் சட்டம்? அது பறக்கவிடும் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம். கரோலைன் பறக்கவிட்டது பனாமா கொடி. ஆக, பிரிட்டிஷ் போலீஸ் ஏறிப் பிடிக்க வழியில்லை. அந்த மூன்று சொச்சம் ஆண்டுகள் கப்பல் நிலையங்கள் சட்டத்தை உடைத்தன என்பதைவிட, சட்டம் கைநீட்டாத இடத்தில் நின்றன என்பதே சரி. சர்வதேசப் பங்கீட்டை மீறினார்கள், அது நிஜம், ஆனால் அது அரசாங்கங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

கோடு எங்கே என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு கடல் கோட்டைகள் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போரில் தேம்ஸ் முகத்துவாரத்தைக் காக்க, கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய கோபுரங்கள் போருக்குப் பின் அனாதையாக நின்றன, சிலர் அங்கே போய் நிலையம் வைத்தார்கள். அதில் ரேடியோ எசெக்ஸ் நடத்திய ராய் பேட்ஸ் மேல் 1966ல் வழக்கு வந்தது. அவர் இருந்த கோபுரம் எல்லைக் கடலுக்குள்தான் வருகிறது என்று நீதிமன்றம் சொல்ல, அபராதம் விழுந்தது. அவர் கோட்டுக்கு வெளியே இருந்த வேறொரு கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு 1967ல் அதை சீலண்ட் என்று தனி நாடாகவே அறிவித்துவிட்டார்.

அத்தனை தூரம் பாட்டு எப்படி வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கப்பலில் இருந்த கருவி அன்றைய பெரிய தரை நிலையங்களோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனாலும் தென்கிழக்கு இங்கிலாந்து முழுக்கத் தெளிவாகக் கேட்டது. எப்படி?

அவர்கள் பயன்படுத்தியது மத்திய அலை, பழைய ரேடியோப் பெட்டியில் எம்.டபிள்யூ. என்று போட்டிருக்குமே அது. இந்த அலைக்கு ஒரு குணம் உண்டு, நிலத்தை ஒட்டி ஊர்ந்துபோகும். அதற்குத் தரை அலை என்று பெயர். ஊர்ந்துபோகும் பாதை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் வலு குறையும். சைக்கிளை ஒரு மிதி மிதித்துவிட்டு விட்டால் தார் ரோட்டில் வெகுதூரம் உருளும், மணலில் நான்கு அடியில் நின்றுவிடும், அந்த மாதிரிதான். காய்ந்த மண்ணும் கட்டடங்களும் இந்த அலைக்கு மணல். உப்புக் கடல் தார் ரோடு, ஏனென்றால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அலையின் சக்தி அதிகம் வீணாகாது. கம்பத்துக்கு எர்த் கொடுப்பதற்கும் சுற்றிலும் கடலே இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கிய இடமே ஒலிபரப்புக்கும் மிக நல்ல இடமாக அமைந்துவிட்டது.

இன்னொன்று கம்பத்தின் உயரம். கரோலைனின் கம்பம் 150 அடிக்கும் மேல். ஆடும் கப்பலில் அவ்வளவு உயரக் கம்பத்தை நிறுத்திவைப்பது என்ன பாடு என்று கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இரவானால் மத்திய அலை இன்னொரு வேலையும் செய்யும். மேலே போன அலை வானத்தின் உயரத்தில் உள்ள மின்னேறிய காற்றடுக்கில் பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பழைய ரேடியோ வீட்டில் இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே எடுத்துப்போய் எம்.டபிள்யூ.வில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பகலில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் தெரியாத மொழியில் யாரோ பேசுவார்கள், குரல் அலைபோல் ஏறி இறங்கும். தொலைவில் இருந்த நாடுகள் கப்பல் நிலையங்களைப் பற்றிப் புகார் சொன்னதற்கு இது ஒரு காரணம். அவர்கள் அலைவரிசையில் இவர்கள் பாட்டு போய் இறங்கியது.

கரோலைன் தன்னை 199 மீட்டர் என்று சொல்லிக்கொண்டது. மீட்டர் என்பது ஒரு அலையின் நீளம். அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, கரோலைன் அதிர்ந்தது 1520 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 15 லட்சத்து 20 ஆயிரம் முறை, வகுத்துப் பார்த்தால் 197 சொச்சம்தான் வரும். பிறகு ஏன் 199? 'கரோலைன்', 'நைன்டி நைன்' என்று சொல்லிப் பாருங்கள், காதில் ஒட்டிக்கொள்ளும்.

சுருக்கமாக, கோட்டுக்கு வெளியே நின்றதால் சட்டம் தொடவில்லை, கடல் மேல் நின்றதால் அலை சுலபமாகக் கரை சேர்ந்தது.

கப்பலுக்குள்

படத்தில் தினமும் திருவிழா. நிஜத்தில் டிஜேக்கள் பொதுவாக இரண்டு வாரம் கப்பலில், ஒரு வாரம் கரையில் என்று முறைபோட்டு இருந்தார்கள். ஹார்விச் துறைமுகத்தில் இருந்து சிறு படகு ஆட்களையும் தட்டுகளையும் சாப்பாட்டையும் ஏற்றி வரும். மூன்று மைல்தான் போகிறார்கள், ஆனால் வெளிநாடு போய் வருவதுபோல் சுங்கச் சோதனை. கடல் கொந்தளிக்கும் நாளில் தட்டு மேல் ஊசி நிற்காது, ஊசிக்கையின் தலையில் செப்புக் காசை ஒட்டிப் பாரம் ஏற்றிச் சமாளித்தார்கள். 1966 ஜனவரியில் கரோலைனின் இரண்டாவது கப்பலான மீ அமிகோ புயலில் நங்கூரம் அறுந்து ஃப்ரின்டன் பக்கம் கரையிலேயே வந்து தட்டி நின்றது.

அந்த ஃப்ரின்டன் கரையில் நடந்த இன்னொன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. இரவில் காதலர்களும் ரசிகர்களும் காரை ஓட்டிவந்து கடலைப் பார்த்து நிறுத்துவார்கள். தூரத்தில் கப்பல் விளக்கு. கார் ரேடியோவில் கரோலைன் டிஜே ஜானி வாக்கரின் குரல். இவர்கள் முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட, கப்பலில் இருந்து அதைப் பார்த்து அவர் மைக்கிலேயே பதில் பேசுவார். கேட்கிறவனும் பேசுகிறவனும் இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட ரேடியோ அது.

கடைசியில் எப்படி மூடினார்கள்?

மறுபடி அந்தப் புறம்போக்குக் கடைக்கு வருவோம். கடையைத் தொட முடியாது, சரி. ஆனால் ஊருக்குள் இருக்கிறவர்களைக் கட்டுப்படுத்தலாமே? அந்தக் கடைக்குச் சரக்கு கொடுக்காதே, வேலைக்குப் போகாதே, விளம்பரம் கொடுக்காதே, வண்டி அனுப்பாதே. மீறினால் தண்டனை. கடை தானாகக் காய்ந்துவிடும்.

1967ஆம் ஆண்டின் கடல்சார் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் செய்தது அச்சாக இதைத்தான். ஐரோப்பிய நாடுகள் 1965ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் போட்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சி அது. விளம்பரம்தான் இந்த நிலையங்களின் முக்கிய வருமானம், அதை வெட்டியதும் மூச்சு நின்றது. அரசாங்கத்துக்கு வேகம் கொடுத்த ஒரு துயரமும் உண்டு: 1966 ஜூனில், ஒரு கோட்டை நிலையத்தை நடத்திய ரெஜினல்ட் கால்வர்ட் ஒரு தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடலில் நடப்பது வெறும் பாட்டு விளையாட்டு இல்லை என்ற பேச்சு அதற்குப் பின் பலமானது.

1967 ஆகஸ்ட் 14 பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் மௌனமானது. அன்று மாலை ரயிலில் வந்திறங்கிய டிஜேக்களை வரவேற்க லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரசிகர்கள் திரண்டு நின்றார்கள். நள்ளிரவு சட்டம் அமலானபோது கரோலைன் மட்டும் நிறுத்தவில்லை. ஜானி வாக்கரும் ராபி டேலும் சிறைக்குப் போக நேரலாம் என்று தெரிந்தே மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த மாதம், செப்டம்பர் 30 அன்று, பிபிசி ரேடியோ 1 என்ற பாப் நிலையத்தைத் தொடங்கியது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன், கப்பலில் இருந்து இறங்கிவந்த அதே ஆள். நீடில் டைம் மட்டும் அப்போதும் போகவில்லை, அது முழுதாக ஒழிய 1988 ஆனது.

படமும் நிஜமும்

படத்தில் வில்லன் கட்டுப்பெட்டியான ஒரு அமைச்சர், பாட்டு என்றாலே ஆகாது. நிஜத்தில் சட்டம் கொண்டுவந்தது ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு, அதற்கு முந்திய கட்டத்தில் ஒலிபரப்பைக் கவனிக்கும் அமைச்சராக இருந்தவர் டோனி பென், இடதுசாரி. பொதுச் சொத்தான அலைவரிசையை விளம்பரக் கம்பெனிகள் பிடித்துக்கொள்வதா என்பது அந்தப் பக்கத்தின் கேள்வி. எனக்கு ரசிகனாகக் கப்பல் பக்கம்தான் மனசு, ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். படம் அதை நமக்குக் காட்டவே இல்லை, அது அதன் குறை.

முடிவில் கப்பல் மூழ்க, ரசிகர்கள் படகு படகாக வந்து காப்பாற்றுவது கற்பனை. 1967ல் எந்தக் கப்பலும் அப்படி மூழ்கவில்லை. மீ அமிகோ மூழ்கியது 1980 மார்ச்சில், புயலில். ஷீர்னஸ் உயிர்காப்புப் படகு போய் உள்ளே இருந்த நால்வரையும் ஒரு கேனரிக் குருவியையும் மீட்டது. குருவிக்கு வைத்திருந்த பெயர் வில்சன்.

கரோலைன் 1983ல் ராஸ் ரிவெஞ்ச் என்ற கப்பலோடு திரும்பி வந்தது. அந்தக் கப்பல் இப்போது எசெக்ஸில் பிளாக்வாட்டர் ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிறது. 2017ல் கரோலைனுக்கு முறையான லைசென்ஸும் கிடைத்தது, மத்திய அலையில் 648 கிலோஹெர்ட்ஸ். பல ஆண்டுகள் அந்த அலைவரிசையில் ஒலித்துக்கொண்டிருந்தது பிபிசியின் உலக சேவை.